கல்லில் என்ன பொறிக்க வேண்டும் என்று மாமாவிடமே கேட்டோம்

என் மாமனார் அமெரிக்க ராணுவத்தில் இரண்டு வருடம் இருந்தவர். 1966-ல் திருச்சியிலிருந்து மேல்படிப்புக்கு அமெரிக்கா வந்தார். படிப்பு முடிந்தது, வேலை கிடைத்தது, கிரீன் கார்டும் வந்தது. கிரீன் கார்டு வைத்திருந்த இளைஞர்களையும் கட்டாய ராணுவ சேவைக்கு அழைப்பார்கள் என்பது அவருக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. யாரை முதலில் அழைப்பது என்று முடிவுசெய்ய 1969 டிசம்பர் 1-ம் தேதி நடந்த குலுக்கலில், 366 பிறந்த தேதிகளைச் சின்னச் சின்ன நீலக் குப்பிகளில் போட்டு, ஒரு கண்ணாடி ஜாடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார்கள். மாமாவின் தேதி சீக்கிரமே வந்துவிட்டது. 1970-ல் சீருடை போட்டார். ஜெர்மனியிலிருந்த அமெரிக்க முகாம் ஒன்றில் சரக்குக் கிடங்குக் கணக்கு எழுதினார். 1972-ல் வெளியே வந்தார்.

இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்திருந்தது. அவர் அதைப் பற்றி அதிகம் பேச மாட்டார். போன வருடம், 79 வயதில் காலமானார். டாலஸ்-ஃபோர்ட் வொர்த் தேசிய ராணுவக் கல்லறையில், முழு மரியாதையோடு அவர் அஸ்தியை அடக்கம் செய்தோம். அந்த நாள் கலக்கமில்லாமல் நடந்ததற்குக் காரணம், அதற்கு மூன்று வருடம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் எங்களோடு உட்கார்ந்து பேசியதுதான். அந்தப் பேச்சையும் அதில் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். இங்குள்ள நம் குடும்பங்களில் ராணுவத்தில் இருந்தவர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் இந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் வாய் வருவதில்லை.

எனக்கும் வரவில்லை. மாமனாரிடம் போய் மாப்பிள்ளை எப்படிக் கேட்பது? இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். கடைசியில் அவரே ஆரம்பித்தார். அவருடைய நண்பர் ஒருவர், அவரும் ராணுவத்தில் இருந்தவர், திடீரென்று இறந்துபோனார். பிள்ளைகள் வெவ்வேறு மாநிலங்களில். அப்பாவின் ராணுவக் காகிதம் எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நான்கு நாள் வீட்டைப் புரட்டிப்போட்டுத் தேடியும் கிடைக்காமல், படைவீரருக்குத் தரும் தேசியக் கொடி இல்லாமலே சாதாரண அடக்கமாக முடித்துவிட்டார்கள். மாமா அங்கே போய்விட்டு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். "கொடி இல்லாமப் போச்சு மாப்பிள்ளை. அவனுக்கு அது கிடைச்சிருக்கணும்" என்றார். அப்புறம் எழுந்துபோய் ஒரு பழைய தகரப் பெட்டியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

பெட்டியில் முகாமில் எடுத்த இரண்டு புகைப்படங்கள், ஒரு பெல்ட் கொக்கி, கல்யாணப் பத்திரிகை ஒன்று. நாங்கள் தேடிய காகிதம் இல்லை.

அந்தக் காகிதத்தின் பெயர் டிடி 214. ராணுவத்தை விட்டு வரும்போது தரும் விடுவிப்புச் சான்று. எப்போது சேர்ந்தார், எப்போது விடுபட்டார், எந்தப் பதவி, எந்த விதமான விடுவிப்பு என்று எல்லாம் அதில் இருக்கும். கல்லறையில் இடம், கொடி, மரியாதை அணி, கல் என எதைக் கேட்டாலும் முதலில் கேட்பது இதைத்தான். பொதுவாக, அவமதிப்பான விடுவிப்பு பெற்றவர்களைத் தவிர மற்றவர்களுக்குத் தகுதி உண்டு. ஆனால் 1980 செப்டம்பர் 7-க்குப் பிறகு சிப்பாயாகச் சேர்ந்தவர்கள் பொதுவாக 24 மாதம் தொடர்ச்சியாகப் பணியில் இருந்திருக்க வேண்டும், அல்லது எவ்வளவு காலத்துக்கு அழைக்கப்பட்டார்களோ அதை முடித்திருக்க வேண்டும். மாமா அதற்கெல்லாம் முந்தியவர்.

தொலைந்துபோனால் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு விண்ணப்பிக்கலாம். இணையத்திலும் செய்யலாம், ஸ்டாண்டர்ட் ஃபார்ம் 180 என்ற படிவத்தைத் தபாலிலும் அனுப்பலாம். ஆவணங்கள் செயின்ட் லூயிஸில் இருக்கின்றன. 1973 ஜூலை 12-ம் தேதி அங்கே பெரிய தீவிபத்து ஏற்பட்டு 160 லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் எரிந்துபோயின என்று படித்ததும் என் மனைவிக்குக் கை நடுங்கிவிட்டது. விசாரித்தபோதுதான் தெரிந்தது, எரிந்தவை பெரும்பாலும் 1960-க்கு முன் தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களுடையவையும், 1964-க்கு முன் விமானப்படையிலிருந்து விடுபட்டவர்களில் ஒரு பகுதியினருடையவையும். மாமா 1972. தப்பித்தோம். உங்கள் வீட்டுப் பெரியவர் அதற்கு முந்தைய காலத்தவர் என்றால் இன்றைக்கே விண்ணப்பியுங்கள். கோப்பு எரிந்திருந்தாலும் சம்பளப் பதிவு போன்ற வேறு ஆவணங்களை வைத்துச் சேவையை உறுதிசெய்ய வழி இருக்கிறது. அதற்கு நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.

இறந்த பிறகு நெருங்கிய உறவினரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் உயிரோடு இருக்கும்போது அவரே கையெழுத்துப் போட்டு வாங்குவது எவ்வளவோ சுலபம்.

காகிதம் வந்தது. பிரித்துப் பார்த்தால் அதிலிருந்த பெயர் மாமாவின் பெயர் மாதிரியே இல்லை.

இந்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம்மவர்களுக்கே உரிய தொல்லை. மாமா ஊரில் இனிஷியலும் பெயருமாக இருந்தவர். இங்கே வந்ததும் இனிஷியலை விரிக்கச் சொன்னார்கள். அப்பா பெயரை விரித்தார். ராணுவத்தில் அப்பா பெயரே குடும்பப் பெயர் ஆகிவிட்டது. சட்டையில் தைத்த பட்டையில் அவருடைய அப்பா பெயர். "ரெண்டு வருஷம் எங்கப்பா பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டாங்க. அவர் அப்ப ஊர்ல உயிரோட இருந்தார்" என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் குடியுரிமை வாங்கியபோது பெயரை மாற்றி, தன் பெயரையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார். ஓட்டுநர் உரிமம், வீட்டுப் பத்திரம், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் புதுப் பெயர். ராணுவக் காகிதத்தில் மட்டும் பழையது.

இறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், விடுவிப்புச் சான்றில் இன்னொரு பெயர் என்றால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று யார் சொல்வது? மாமாவிடம் குடியுரிமைச் சான்றிதழும் பெயர் மாற்ற உத்தரவும் இருந்தன. அவற்றை டிடி 214 பின்னாலேயே வைத்து ஒரே உறையில் போட்டோம். உறை மேல் இரண்டு பெயரையும் எழுதினோம். அவர் இல்லாத வீட்டில் இதைத் தேடியிருந்தால் பெயர் மாற்ற உத்தரவு என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

சிலர் டிடி 214-ஐக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் பதிவுசெய்து வைக்கிறார்கள். தொலையாது என்பது நல்லதுதான். ஆனால் சில இடங்களில் அது எல்லோரும் பார்க்கக்கூடிய பொது ஆவணம் ஆகிவிடும், அதில் சமூகப் பாதுகாப்பு எண்ணும் இருக்கலாம். கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நாங்கள் பதிவு செய்யவில்லை. நகல்களை எடுத்து மூன்று வீடுகளில் வைத்தோம்.

அடுத்தது முன்கூட்டித் தகுதி பார்க்கும் விண்ணப்பம். படைவீரர் நலத்துறையில் 40-10007 என்று ஒரு படிவம் இருக்கிறது. உயிரோடு இருக்கும்போதே அனுப்பினால், இவருக்குத் தேசியக் கல்லறையில் அடக்கம் பெறத் தகுதி உண்டு என்று கடிதம் வரும். மனைவிக்கும் விண்ணப்பிக்கலாம். படைவீரருக்கு முன்பே மனைவி இறந்துபோனாலும் அவருக்கு அங்கே இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தால் குறிப்பிட்ட இடம் எதுவும் உங்கள் பெயருக்கு ஒதுக்கப்படாது. இடமும் நாளும் இறந்த பிறகுதான் தருவார்கள். கடிதம் செய்யும் உதவி, அந்த நேரத்தில் தகுதியைப் பற்றிய கேள்வி எழாமல் பார்த்துக்கொள்வது.

தகுதி இருந்தால் இடம், குழி தோண்டி மூடுவது, கல், காலத்துக்கும் பராமரிப்பு, கொடி, அதிபர் கையெழுத்திட்ட நினைவுச் சான்றிதழ் ஆகிய எதற்கும் பணம் இல்லை. தகனத்துக்கும் ஈமச்சடங்கு இல்லத்துக்கும் ஆகும் செலவு நம்முடையது. அதில் ஒரு பகுதியை அரசு திருப்பித் தரும் திட்டம் இருந்தாலும் எல்லோருக்கும் பொருந்தாது. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 1984-லிருந்து அமலில் உள்ள விதிப்படி, ஈமச்சடங்கு இல்லங்கள் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி விலை போட்ட பட்டியலைத் தந்தாக வேண்டும், தொலைபேசியில் கேட்டாலும் விலை சொல்ல வேண்டும். நாங்கள் நான்கு இடத்தில் கேட்டோம். வித்தியாசம் மலைக்க வைத்தது. ஒரு தனியார் கல்லறைக்காரர் "படைவீரருக்கு இடம் இலவசம்" என்று வீட்டுக்கே கடிதம் அனுப்பியிருந்தார். போய்க் கேட்டால், பக்கத்து இடத்தை மனைவிக்காக விலை கொடுத்து வாங்கினால்தான் அந்த இலவசம். மாமா சிரிக்கக்கூட இல்லை. "எழுந்திருங்க போகலாம்" என்றார்.

இதெல்லாம் காகித வேலை. யார் வேண்டுமானாலும் செய்யலாம். அவர் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்விகள் வேறு.

கல்லில் பெயரும் ஆண்டுகளும் எந்தப் படை என்பதும் இருக்கும். பதவியும், எந்தப் போர்க்காலத்தில் பணியாற்றினார் என்பதும் விருப்பம் இருந்தால் சேர்க்கலாம். மத அடையாளமும் பொறிப்பார்கள். ஓம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மாமா பணியிலிருந்தது வியட்நாம் போர்க்காலம். அதனால் வியட்நாம் என்று பொறிக்க அவருக்கு உரிமை உண்டு. என் மைத்துனன் உற்சாகமாகிவிட்டான், கட்டாயம் போட வேண்டும் என்றான். மாமா தலையசைத்து மறுத்தார்.

"நான் அங்க போகவே இல்ல. என்கூடப் பயிற்சியில இருந்த பசங்க போனாங்க. ரெண்டு பேர் திரும்பி வரல. அந்த வார்த்தை அவங்களோடது. என் கல்லுல வேண்டாம்."

ஐம்பது வருடத்தில் அந்த இருவரைப் பற்றி அவர் சொன்னது அன்றைக்குத்தான். என் மனைவிக்கே அது புதிது. நாங்கள் கேட்காமல் விட்டிருந்தால், ஒரு பெருமை என்று நினைத்து அந்த வார்த்தையைக் கல்லில் ஏற்றியிருப்போம்.

அடுத்தது அஸ்தி. தகனம்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அஸ்தியைக் காவிரியில் கரைக்க வேண்டும் என்று திருச்சியில் இருக்கும் சின்ன மாமா நிச்சயம் கேட்பார் என்பதும் தெரியும். மாமா ஒரு தாளை எடுத்து, தமிழில், தன் கையாலேயே எழுதினார். அஸ்தி முழுவதும் இங்கே அடக்கமாக வேண்டும், பின்னால் அத்தையையும் அதே இடத்தில் வைக்க வேண்டும், தம்பி வருத்தப்படக் கூடாது, தன் பெயரைச் சொல்லி அம்மா மண்டபத்தில் ஒரு முழுக்குப் போட்டால் போதும். இதோடு, உடலை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் பொறுப்பை யாருக்குத் தருகிறார் என்ற சட்டப் படிவத்தையும் நோட்டரி முன்னால் கையெழுத்திட்டோம். டெக்சாஸில் அதற்குத் தனிப் படிவம் உண்டு. சட்டத்துக்கு அது. சின்ன மாமாவுக்குக் கையெழுத்துத் தாள். அவர் இறந்த இரவு அதைத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். மறுமுனையில் நீண்ட நேரம் சத்தமில்லை. "அண்ணன் கையெழுத்தா?" என்று மட்டும் கேட்டார். படம் எடுத்து அனுப்பினேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

இறப்புக்குப் பிறகு எங்கள் சடங்கும் அவர்கள் மரியாதையும் ஒரே நாளில் நடக்க வேண்டியதில்லை என்று முன்பே தீர்மானித்திருந்தோம். மூன்றாம் நாள் தகனம், ராணுவ மரியாதையோடு அடக்கம் பதினெட்டு நாள் கழித்து. கல்லறையில் சனி ஞாயிறு பொதுவாக அடக்கம் கிடையாது. ஒரு குடும்பத்துக்கு இருபது முப்பது நிமிடம்தான், அதுவும் குழிக்குப் பக்கத்தில் இல்லை, அதற்கென இருக்கும் ஒரு மண்டபத்தில். நம் சடங்கை அந்த நேரத்துக்குள் அடக்கப் பார்த்தால் இரண்டும் கெடும். தகனத்தன்றே நம் முறைப்படி எல்லாம் முடித்துவிட்டோம். மண்டபத்தில் சித்தி ஒரு தேவாரம் மட்டும் பாடினார்.

கொடியைப் பற்றி ஒன்று. ஐந்தடிக்கு ஒன்பதரை அடிக் கொடி. 27-2008 என்ற படிவத்தைக் கொடுத்தால் தபால் நிலையத்திலேயே தருவார்கள், ஈமச்சடங்கு இல்லமும் வாங்கித் தரும். ஒருவருக்கு ஒரு கொடிதான். பெட்டியின் மேல் போர்த்தும்போது நட்சத்திரங்கள் உள்ள நீலப் பகுதி தலைப்பக்கமாக, இடது தோள் மேல் வர வேண்டும். கொடி மேல் எதையும் வைக்கக் கூடாது. நம் வீட்டில் வருகிறவர்கள் எல்லோர் கையிலும் மாலை. வாசலிலேயே ஒரு மேஜை போட்டு, மாலைகளை அங்கே வாங்கிக்கொள்ள ஒரு பையனை நிறுத்தினோம். வாய்க்கரிசிக்கு முன் கொடியை எடுத்து மடித்து வைத்துவிட்டோம், நெய்யும் அரிசியும் பட்டுவிடக் கூடாதே. தகனத்துக்கு உள்ளே அனுப்பும்போது கொடி போகக் கூடாது. அடக்கத்தன்று மடித்துக் கொடுப்பதும் அதே கொடிதான் என்பதால் மறக்காமல் எடுத்துப்போக வேண்டும்.

மரியாதை அணி தானாக வராது. ஈமச்சடங்கு இல்லத்தின் மூலம் கேட்க வேண்டும். 2000-லிருந்து இது சட்டப்படியான உரிமை: குறைந்தது இரண்டு சீருடைப் படையினர், அவர்களில் ஒருவராவது இறந்தவர் இருந்த படையைச் சேர்ந்தவர், கொடியை மடித்துக் கொடுப்பது, டாப்ஸ் என்ற இறுதி இசை. எங்களுக்கு எல்லாம் ஏற்பாடாகிவிட்டது என்றுதான் இல்லத்தார் சொன்னார்கள். அடக்கத்துக்கு இரண்டு நாள் முன்பு என் மனைவிக்கு மனசு கேட்கவில்லை, யார் வருகிறார்கள் என்று கேட்டு அழைத்தாள். விண்ணப்பம் அனுப்பப்படவே இல்லை. யாரோ மறந்துவிட்டார்கள். அன்று மாலைக்குள் எல்லாக் காகிதத்தையும் நாங்களே மறுபடி அனுப்ப முடிந்தது, உறை தயாராக இருந்ததால். கேட்டோம், சொன்னார்கள் என்று விட்டுவிடாதீர்கள். உறுதிசெய்த பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

துப்பாக்கி மரியாதை இந்தக் குறைந்தபட்சத்தில் சேராது. பல இடங்களில் முன்னாள் படைவீரர் சங்கங்களைச் சேர்ந்த தொண்டர்கள் வந்து செய்கிறார்கள். எங்களுக்கும் வந்தார்கள், எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். மூன்று முறை சுட்டார்கள். அத்தைக்கும் குழந்தைகளுக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். சொல்லாத ஓர் உறவினர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் டாப்ஸ். இருபத்து நான்கு சுரங்கள்தான். கொம்பு ஊத ஆள் கிடைக்காவிட்டால், உள்ளே கருவி பொருத்திய கொம்பை வைத்து இசைப்பார்கள். எங்களுக்கு எது என்று நான் பார்க்கவில்லை, பார்க்கவும் தோன்றவில்லை. வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு இளைஞர்கள் கொடியை நீளவாக்கில் இரண்டு முறை மடித்து, கோடு போட்ட பக்கத்திலிருந்து முக்கோணம் முக்கோணமாக மடித்துக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு மடிப்பையும் உள்ளங்கையால் நீவினார்கள். கடைசியில் சிவப்பு ஒரு நூல்கூட வெளியே தெரியவில்லை, நீலமும் நட்சத்திரமும் மட்டும். அவர்களில் ஒரு பெண், இருபத்திரண்டு வயதிருக்கும், அத்தை முன்னால் மண்டியிட்டுக் கொடியைக் கொடுத்து, நாட்டின் நன்றியைச் சொன்னாள். அத்தை கொடியை வாங்கிக்கொண்டு, அந்தப் பெண்ணின் கையை விடாமல், "சாப்பிட்டியாம்மா?" என்று தமிழில் கேட்டார். அந்தப் பெண்ணுக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கல் வைத்ததும் அத்தையைக் கூட்டிப்போனோம். மேலே ஓம், கீழே மாமாவின் பெயர், படை, ஆண்டுகள். வியட்நாம் இல்லை. அத்தை பெயருக்கு நேரம் வரும்போது இடம் இருக்கிறது. கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"எனக்கு இனிஷியல் போடுவாங்களா மாப்பிள்ளை? எங்கப்பா இனிஷியல்?"

வீட்டுக்கு வந்ததும் உறையை எடுத்து மேஜையில் வைத்தோம். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேனாவைத் திறந்தார்.